கோவை ஒன்று, போத்தல் ஒன்று

அந்தக் காலத்தில் என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், இன்சூரன்ஸ் கந்தோரில் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் சொன்னால் கேட்பவர் முகம் மாறிவிடும். காயம்பட்ட மனிதர்களின் பழைய காயங்களைத் தேடிப் பிடிப்பதுதான் என் வேலை.

தேயிலைத் தோட்டத்தில் வேலை நேரத்தில் ஒருவருக்கு அடிபட்டால் தோட்டம் நட்டஈடு கொடுக்க வேண்டும். தோட்டத்துக்காக அதை இன்சூரன்ஸ் கட்டும். கட்டுவதற்கு முன்னால் எங்கள் கந்தோர் ஒரு விசயத்தை உறுதிசெய்துகொள்ளும். இந்த ஆள் முன்பே எங்கேயாவது அடிபட்டு நட்டஈடு வாங்கியவரா? வாங்கியவர் என்றால் பழைய ஊனத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்துக்கு மட்டும் பணம் கொடுக்க வழியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்காகப் பழைய நட்டஈட்டு வழக்குகளின் பைல்களை, எங்கள் பேச்சில் கோவைகளை, தேடி எடுத்து வரவேண்டும். ஹல்துமுல்லையிலிருந்து மொனராகலைப் பக்கம் வரைக்கும் எந்தத் தோட்டத்தில் யாருடைய எலும்பு எப்படி முறிந்தது என்று என்னைக் கேட்டால் ஓரளவு சொல்லிவிடுவேன்.

இந்த வேலை எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் என் வாய்தான். பதுளைக் கடைவீதியில் வாப்பாவின் கடையில் நின்று வளர்ந்தவன். தோட்டத்துச் சனத்துக்குக் கம்பளியும் கருவாடும் விற்றதில் அவர்களுடைய தமிழ் வந்தது. பக்கத்துக் கடைக்காரர்களால் சிங்களம் வந்தது. பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் இங்கிலீசு. எங்கள் கந்தோரின் பெரியவர் காலி நகரப் பக்கத்துச் சிங்களவர், தமிழ் ஒரு சொல் தெரியாது. அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு வந்த மழைக்காலம் ஒன்றில், நமுனுகுலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு விண்ணப்பம் வந்தது. கொழுந்துச் சாக்கு ஏற்றிய லொறி வளைவில் சரிந்து, பின்னால் நின்ற தொழிலாளி ஒருவரின் கால் நசுங்கிவிட்டது. ஐம்பது வயதுக்காரர். டொக்டரின் அறிக்கையில் காலைப் பற்றி எழுதிவிட்டு, வலது கையில் மூன்று விரல்கள் ஏற்கெனவே இல்லை என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். பெரியவர் அந்த வரியின் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு என்னிடம் நீட்டினார்.

பழைய கோவைகள் ஒரு அரசாங்கக் கட்டடத்தின் பின்பக்கத்து அறையில் கிடந்தன. எந்தக் கந்தோர் என்று சொல்ல வேண்டாம். உள்ளே போனால் ஈரக் காகித வாசனையும் எலிப்புழுக்கை வாசனையும் சேர்ந்து அடிக்கும். அந்த அறைக்குப் பொறுப்பாக ஒரு வயதான சிங்களவர் இருந்தார். வெற்றிலை போடுவார், குறைசொல்லிக்கொண்டே இருப்பார், ஆனால் கேட்ட கோவையை எடுத்துக் கொடுக்காமல் இருந்ததில்லை. என்னை மல்லி, தம்பி, என்றுதான் கூப்பிடுவார்.

அன்றைக்கும் அப்படியே முனகிக்கொண்டு ஏணியில் ஏறி, பத்து வருசத்துக்கும் மேலே பழையதான ஒரு கட்டை இறக்கித் தூசி தட்டி மேசைமேல் வைத்தார். நான் கயிற்றை அவிழ்க்கப் போனேன். "பொறு மல்லி, இன்னும் ஒன்று இருக்கிறது" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போனார். வரும்போது கையில் ஒரு போத்தல். மிட்டாய்க் கடையில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி அகலவாய்க் கண்ணாடிப் போத்தல். மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றியிருந்தது. கழுத்தில் கட்டியிருந்த அட்டையில் வழக்கின் இலக்கம்.

உள்ளே மங்கலான மஞ்சள் தண்ணீர். அதில் இஞ்சித் துண்டுகளைப் போல ஏதோ கிடந்தது. ஊறுகாய் என்றுதான் முதலில் நினைத்தேன். யாரோ சாப்பாட்டுக்குக் கொண்டுவந்ததை இங்கே மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன்.

நகம் தெரிந்தது.

நான் பின்னால் போனதில் நாற்காலி விழுந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டையில் துடைத்துக்கொண்டேன். நான் அந்தப் போத்தலைத் தொடவே இல்லை.

"இது என்ன மாத்தையா?"

"வழக்குப் பொருள். கோவையோடு சேர்ந்தது. தனியாகக் கொடுக்க முடியாது." அவர் பதிவுப் புத்தகத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். அவரே எழுதி வைத்திருந்தார்: கோவை ஒன்று, போத்தல் ஒன்று. "கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்துப் போ."

"எனக்குக் கோவை மட்டும் போதும்."

"உனக்குப் போதும். சட்டத்துக்குப் போதாதே" என்றார். சிரிக்கவில்லை. அவருக்கும் அந்தப் போத்தல் கண்ணில் படாமல் எங்கேயாவது போனால் போதும் என்று இருந்திருக்க வேண்டும்.

கோவையை அங்கேயே நின்று வாசித்தேன். அந்த மனிதர் அப்போது தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். கொழுந்து அரைக்கும் ரோலரை ஓட்டுகிற தோல்பட்டியில் கை மாட்டி மூன்று விரல்கள் போய்விட்டன. நட்டஈடு கேட்டபோது தோட்டத்துத் தரப்பு, மெசினில் போகவில்லை, பணத்துக்காக அவரே தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியால் வெட்டிக்கொண்டார் என்று வாதாடியது. வெட்டியதா பிய்ந்ததா என்று பார்த்துச் சொல்ல ஆஸ்பத்திரியிலிருந்து விரல்களைச் சாட்சியாக வாங்கி வைத்தார்கள். டொக்டர் பார்த்தார். பிய்ந்தவைதான் என்று சொன்னார். வழக்கில் அந்தத் தொழிலாளி வென்றார். எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். விரல்கள் மட்டும் போகவில்லை. திருப்பிக் கொடுக்கச் சொல்லி யாரும் கட்டளை போடவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை.

கையெழுத்துப் போட்டு, கோவையையும் போத்தலையும் துணிப்பையில் வைத்துக்கொண்டு கந்தோருக்கு வந்தேன். பெரியவர் கோவையைப் புரட்டிவிட்டு, "நல்லது. ஆள் இவன்தானா என்று போய்ப் பார்த்து வா. அந்தத் தோட்டத்தில் இதே பெயரில் நாலு பேர் இருப்பார்கள்" என்றார். பிறகு பையைக் காட்டி அது என்ன என்று கேட்டார். காட்டினேன். அவர் எழுந்து ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். "இதை இங்கே வைக்காதே" என்றார். டைப் அடிக்கிற அம்மா ஏற்கெனவே கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போயிருந்தார்.

வேறு இடம் இல்லாமல் கடைக்குக் கொண்டுபோனேன். பின்னால் சாமான் அறையில், வெங்காய மூட்டைக்கு மேலே வைத்து ஒரு சாக்கால் மூடினேன். அரைமணி நேரம்கூட ஆகவில்லை, வாப்பா சாக்கை எடுக்கப் போய்ப் பார்த்துவிட்டார். சத்தம் போடவில்லை. கடையில் இருந்த ஆட்களுக்குச் சாமான் கொடுத்து முடித்தார். அப்புறம்தான் கூப்பிட்டார்.

"இதென்ன மகன்?"

சொன்னேன்.

"செத்தவன்டயா?"

"இல்ல வாப்பா. ஆள் உசிரோட ஈக்கிறார். நமுனுகுலப் பக்கம்."

வாப்பா தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "உசிரோட ஈக்கிற மனுசன்ட வெரல எடுத்து அலுமாரில வெச்சீக்கிறாங்களா? அவருக்குத் தெரியுமா?"

"தெரியாதுன்னுதான் நெனைக்கிறேன்."

"மொதல்ல போய் அவருக்குச் சொல்லு. மனுசன்ட ஒடம்பு மண்ணுக்குப் போவணும். வேற எங்கயும் வெக்கிறதுக்கு இல்ல."

அதனால்தான் மறுநாள் காலை கோவையோடு போத்தலையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மா, பையில் கண்ணாடிச் சாமானா தம்பி, ஒடைஞ்சிடப் போவுது, இப்படி என் பக்கம் வைங்க என்று இடம் விட்டார். அந்த வளைவுகளில் பஸ் ஒவ்வொரு முறை சாயும்போதும் உள்ளே அவை கண்ணாடியில் மெல்ல முட்டுவது என் தொடையில் தெரிந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் கால் கூசுகிறது.

தோட்டத்துக் கந்தோரில் கேட்டதில் ஆளைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிட்டேன். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் கடைசி வீடு. வாசலில் ஒரு பலகையைப் போட்டு, கட்டுப்போட்ட காலை ஒரு பெட்டிமேல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்த ஆள், முகத்தில் மட்டும் நல்ல களை. அவருடைய மனைவி உள்ளேயிருந்து வந்து, முக்காலி ஒன்றைத் துடைத்துப் போட்டார். சீனி இல்லாத காலம். தேத்தண்ணியோடு உள்ளங்கையில் ஒரு சிறு கருப்பட்டித் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

நான் கேட்பதற்கு முன்பே அவர் வலது கையை நீட்டினார். பெருவிரலும் சின்னவிரலும்தான் இருந்தன. நடுவில் மூன்று இடங்களில் தோல் மட்டும் மூடிச் சுருங்கியிருந்தது.

"வர்றவங்க எல்லாரும் இதத்தாங்கய்யா பாப்பாங்க. கால்ல அடிபட்டா கையப் பாக்குறாங்க" என்றார்.

"பழைய வழக்கு ஞாபகமிருக்கா அண்ணே?"

"இல்லாம இருக்குமா? நானே வெட்டிக்கிட்டேன்னாங்க. வலது கையிங்கய்யா. எடது கையால கத்தியப் புடிச்சு யாராச்சும் வலது கைய வெட்டுவாங்களா? அதச் சொன்னேன். எழுதிக்கிட்டாங்க."

பிறகு அவரே சொன்னார், அவர்களுக்கு இந்தியா போக எல்லாம் வந்துவிட்டது என்று. பாஸ்போர்ட் கையில் இருக்கிறது. அடுத்த மாதம் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பல். அவர் இந்த மலையில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் இந்த மலையில் பிறந்தவர். இரண்டு அரசாங்கங்கள் பேசிக்கொண்ட ஒப்பந்தத்தில் அவர்கள் பெயர் அந்தப் பக்கத்துக்கு விழுந்திருந்தது. "போறதுக்குள்ள இந்தக் காலுக்கு ஒரு முடிவு சொல்லிட்டா புண்ணியமாப் போவுமுங்க. அங்க போயி நின்னுக்கிட்டு இங்க யாரக் கேக்கிறது?" என்றார் மனைவி.

நான் அறிக்கையில் எழுத வேண்டியதெல்லாம் எழுதி முடித்தேன். எழுந்து போய்விடலாம். பை காலடியில் இருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

"அண்ணே, ஒங்க வெரல் இருக்கு" என்றேன்.

அவர் கையைப் பார்த்துக்கொண்டார். "இந்த ரெண்டுதாங்கய்யா இருக்கு."

"இல்ல. போன மூணும் இருக்கு. வழக்குக்குன்னு வாங்கினவங்க திருப்பிக் கொடுக்கல. இவ்வளவு நாளும் கந்தோர்ல இருந்திருக்கு. இப்ப என் பையில இருக்கு."

மனைவிதான் பேசினார். குரல் உயரவில்லை, ஆனால் வேகமாக வந்தது.

"அதப் பொதச்சாச்சுங்களே. ஆஸ்பத்திரியில அந்த ஆளு பொதச்சேன்னு சொன்னாரே. நான் கெஞ்சிக் கேட்டதுக்கப்புறம் பொறத்தால கூட்டிட்டுப் போயி எடத்தக்கூட காட்டுனாரு. சுவத்தோரத்துல. அங்கதான நான் கற்பூரம் ஏத்திக் கும்புட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போறப்ப எல்லாம் அங்க நின்னுட்டுத்தான வருவேன். புள்ளைங்கள கூட்டிட்டுப் போயிக் காட்டியிருக்கேன், ஒங்கப்பா வெரலு இங்கதான் இருக்குன்னு."

அந்த ஆஸ்பத்திரி ஆள் எதற்காக அப்படிச் சொன்னாரோ. அழுகிற பெண்ணை அனுப்பிவிடுவதற்காக இருக்கலாம். கையில் கொடுத்த காசை வாங்கிக்கொண்டதற்காக இருக்கலாம். அந்த அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"காட்டுங்கய்யா" என்றார் அவர்.

போத்தலை எடுத்து அந்தப் பலகையில், அவர் பக்கத்தில் வைத்தேன். அவர் உடனே தொடவில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தார். வெயில் பட்டு அந்த மஞ்சள் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தது. அடுத்த வீடுகளின் பெண்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள், கிட்டே வரவில்லை. அவர் பெருவிரலாலும் சின்னவிரலாலும் போத்தலைப் பிடித்துக் கொஞ்சம் திருப்பினார். அந்த இரண்டு விரலால் அவ்வளவு பாரத்தைப் பிடிக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை.

"சின்னதாத் தெரியுது" என்றார். "நான் சின்னப் பையனா இருந்தப்ப இருந்த மாதிரி இருக்கு."

மனைவி உள்ளேயிருந்து வந்து சேலைத் தலைப்பை எடுத்துப் போத்தலை மூடினார். எல்லாரும் பார்க்கிறார்கள் என்று. வெட்கப்படவேண்டிய ஏதோ ஒன்று வெளியே தெரிவதைப் போல மூடினார்.

"இங்கயே வச்சிடுங்க அண்ணே. நான் சொல்லிக்கிறேன்" என்று சொன்னேன். அந்த நேரத்தில் வேலையைப் பற்றி எனக்கு ஞாபகமே இல்லை.

அவர்தான் மறுத்தார். "கையெழுத்துப் போட்டுத்தான எடுத்துக்கிட்டு வந்தீங்க? திருப்பிக் குடுக்கலேன்னா ஒங்கள விடுவாங்களா? ஒரு தடவ எம்மேல களவு சொன்னது போதுங்கய்யா. நீங்க கொண்டுபோயிக் குடுத்துடுங்க. நான் வந்து நேராக் கேட்டு வாங்கிக்கிறேன். என்னோடதத் தானே கேக்கப் போறேன்."

அவர் சொன்னபடியே போத்தலைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவர் வந்தார். கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு, ஒரு பக்கம் மனைவி தாங்க, பதுளை பஸ் நிலையத்திலிருந்து நடந்தே வந்திருந்தார்கள். நல்ல வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கேட்பதை நான் சிங்களத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். பழைய கோவை அறைப் பெரியவர் அதை வாசித்துவிட்டு, இது என்னால் முடியாது, மேலே கேட்க வேண்டும் என்று எங்களை முன்பக்கம் கூட்டிக்கொண்டுபோனார். அங்கே உத்தியோகத்தர் ஒருவர் பெரிய மேசைக்குப் பின்னால் இருந்தார். இளவயது. கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். எங்களை உட்காரச் சொன்னார். அவர்கள் உட்காரவில்லை. போத்தலைக் கொண்டுவரச் சொன்னார், கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்கள்.

நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன். என் வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதி அதுதான். அன்றைக்குப் பிறகு பிடிக்கவில்லை.

"இது இவனுடையது என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார் உத்தியோகத்தர்.

கோவையில் பெயர் இருக்கிறது என்றேன். அந்தப் பெயரில் பலர் இருப்பார்கள் என்றார். எங்கள் பெரியவர் சொன்னதையே இவரும் சொன்னார். என்ன சொல்றாருங்கய்யா என்று தொழிலாளி என்னைக் கேட்டார். சொன்னேன்.

அவர் கட்டையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, ஒரு கால் தத்தி மேசைக்கு வந்து, வலது கையைப் போத்தலுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார். வேறு எதுவும் செய்யவில்லை. அந்தக் கையும் அந்தப் போத்தலும் கண்ணாடி போட்ட மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. உத்தியோகத்தர் ஒருமுறை பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"சரி. இவன் எப்போது இந்தியாவுக்குப் போகிறான்?"

"அடுத்த மாதம்."

"அப்படியானால் என்னால் கொடுக்க முடியாது. இது அரசாங்கக் காவலில் உள்ள பொருள். நாட்டை விட்டுப் போகிற ஆளிடம் கொடுத்தால் நாளைக்கு யார் பதில் சொல்வது? கொழும்புக்கு எழுதட்டும். அனுமதி வந்தால் கொடுப்போம்."

நான் மொழிபெயர்க்காமல் நின்றேன். காதில் விழுந்தது சரிதானா என்று எனக்கே சந்தேகம். தொழிலாளி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னேன், ஒரு சொல்லையும் விடாமல். அதை இனிப்பாக்கிச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

அவர் கோபப்படவில்லை. ஏதோ கணக்கு சரியாக வரவில்லை என்பதைப் போல நெற்றியைச் சுருக்கினார்.

"கேளுங்கய்யா. எங்கள அனுப்பிட்டு, வெரல மட்டும் இவங்க வச்சிக்குவாங்களான்னு கேளுங்க."

கேட்டேன். உத்தியோகத்தர் பேனாவை மூடித் திறந்து மூடினார். "எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்" என்றார் மெதுவாக. கோவை அறைப் பெரியவர் போத்தலை எடுத்தார். எடுத்து, தன் சட்டைப்பையிலிருந்த கைக்குட்டையால் மேலே இருந்த தூசியைத் துடைத்து, இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உள்ளே போனார். அவர் அப்படி ஒரு சாமானைத் தூக்கியதை நான் கண்டதில்லை.

கொழும்புக்கு எழுதினோம். எங்கள் கந்தோர்ப் பெரியவர் ஒரு நல்லது செய்தார். விரல் வேறு, கால் வேறு, கழிப்பதற்கு ஒன்றுமில்லை என்று எழுதி, கால் நட்டஈட்டை அவர்கள் போவதற்கு முன்பே முடித்துக் கொடுத்தார். எழுதும்போது, இந்தக் கோவையை இனி என் கண்ணில் காட்டாதே என்றார்.

அனுமதி வரவில்லை. அவர்கள் போகும் நாள் வந்தது.

இந்தியா போகிறவர்களை ஏற்றுகிற ரயிலைப் பார்க்க நான் அதுவரை ஸ்டேசனுக்குப் போனதில்லை. பல தோட்டங்களின் சனம் மேடை முழுக்க நின்றது. தகரப் பெட்டிகள், பாய்ச் சுருட்டுகள், கயிறு கட்டிய அம்மிக்கல் ஒன்றுகூட. போகிறவர்களும் விடவந்தவர்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுத சத்தத்தில் எஞ்சின் சத்தம் கேட்கவில்லை. அந்த அம்மா ஏற்கெனவே உள்ளே ஏறி, ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு தலையை மட்டும் அசைத்தார்.

அவருடைய கணவர் ரயில்பெட்டி வாசலில் நின்றார். "வந்துச்சுன்னா பொதச்சிடுங்கய்யா. எங்க பொதைக்கணும்னு நான் சொல்லல. ஒங்களுக்குத் தோதான எடத்துல. மண்ணுல இருந்தாப் போதும்."

"நிச்சயமா செய்றேன் அண்ணே."

கை கொடுத்தேன். அவர் வலது கையைத்தான் கொடுத்தார்.

அனுமதி வந்தது. அவர்கள் போய் மூன்று மாதமாவது இருக்கும். உரியவர் நேரில் வந்து கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ளலாம் என்றிருந்தது. அதை எடுத்துக்கொண்டு, எப்படியாவது பேசி வாங்கிவிடலாம் என்று கோவை அறைக்கு ஓடினேன். அந்தப் பெரியவர் இல்லை. நெஞ்சுவலி, நீண்ட லீவு என்றார்கள். யாரோ மேலதிகாரி பார்க்க வருகிறார் என்று அறைக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். முதல் தடவையாக அங்கே தரை தெரிந்தது. ஒரு பியோன் மேசையில் உட்கார்ந்து புதிய அட்டைகளுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தார். நடு வயதுக்காரர், என்னோடு எப்போதும் சிரித்துப் பேசுகிறவர்.

இலக்கத்தைச் சொல்லிப் போத்தலைக் கேட்டேன்.

"அந்த நாத்தம் புடிச்ச சாமானா? கிளீன் பண்ணச் சொன்னாங்கல்ல. கானுல ஊத்திட்டேன். என்னமோ வேரு மாதிரி கெடந்திச்சு, மருந்தாக்கும்னு நெனைச்சேன். ஏன் ஐயா, வேணுமா? போத்தல் இருக்கு. நல்ல போத்தல்."

அவர் தன் முன்னால் இருந்ததைக் காட்டினார். கழுவித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. பாதிக்குக் கோந்து. கோந்தில் ஒரு பிரஷ் நட்டுக்கொண்டு நின்றது.

வெளியே வந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. கட்டடத்துக்குப் பின்னால் சாக்கடைக் கான் நிறையத் தண்ணீர், குப்பையும் இலையும் அடித்துக்கொண்டு கீழே ஆற்றுப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கான் ஓரமாகவே நடந்தேன். எதைத் தேடினேன் என்று தெரியாது. எத்தனையோ நாளைக்கு முன்னால் ஊற்றியது. ஆனாலும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டுதான் போனேன். எதிரே வந்தவர்கள் ஏதாவது விழுந்துவிட்டதா என்று கேட்டார்கள்.

வாப்பாவிடம் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கை கழுவினார். அதைப் பற்றி வீட்டில் பிறகு பேச்சே எழவில்லை. அனுமதிக் கடிதத்தில் பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து வேண்டும் என்று அந்த அரசாங்கக் கந்தோரிலிருந்து இரண்டுமுறை ஆள் அனுப்பினார்கள். உரியவர் நாட்டில் இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.

அடுத்த வருசமோ அதற்கடுத்த வருசமோ, தோட்டத்துச் சம்பள நாளுக்கு மறுநாள், கடையில் கூட்டமாக இருந்தது. நான் லீவில் வாப்பாவுக்கு உதவியாக நின்றேன். கம்பளி வாங்க வந்த ஒருவர் ஓரமாக நின்று, கூட்டம் கலையும்வரை காத்திருந்தார். அந்தத் தொழிலாளியின் மனைவியுடைய தம்பி. பிரஜாவுரிமை கிடைத்து இங்கேயே தங்கிவிட்டவர்.

"அத்தான் காயிதம் போட்டிருந்தாருங்க" என்றார் என்னிடம். "அங்க ஒரு தோப்புல காவலுக்கு இருக்காராம். கால் பரவால்லியாம். அக்காதான் ஒங்ககிட்டக் கேட்டு எழுதச் சொல்லியிருக்கு. அதப் பொதச்சாச்சாங்கன்னு."

நான் வாயைத் திறந்தேன். கோந்துப் போத்தல்தான் கண்ணில் வந்தது. என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, ஏனென்றால் நான் சொல்வதற்கு முன்னால் தராசடியிலிருந்து வாப்பாவின் குரல் வந்தது.

"அடக்கியாச்சு தம்பி. அப்பிடியே எழுதுங்க."

நான் திரும்பினேன். வாப்பா என்னைப் பார்க்கவில்லை. அந்த மனிதரைத்தான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல எடம். தண்ணி நிக்காது. இவரும் நானும்தான் போனோம். ஒங்க அக்காவ மனசப் போட்டு ஒழப்பிக்க வேணாம்னு சொல்லுங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எந்தப் பக்கம் என்று கேட்டார். மலைப்பக்கம் என்றார் வாப்பா, தயங்கவே இல்லை. அவர் கும்பிட்டுவிட்டு, கம்பளியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

எடையில் ஒரு வெற்றிலைக் காம்பு குறைந்தால்கூட ஆளைத் திருப்பிக் கூப்பிட்டுச் சொல்கிறவர் வாப்பா. அவர் பொய் சொல்லி அதற்கு முன்னாலும் நான் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. தராசில் ஒன்றும் இல்லை. ஆனால் படிக்கற்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். பாங்கு கேட்டதும் கடையை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார். மற்றவர்களெல்லாம் தொழுதுவிட்டுத் திரும்பி, எதிர்க் கடைகள் திறந்து வெகுநேரமான பிறகுதான் வந்தார்.